பிரேக்குக்கு ஒரு கோடு

முதலில் அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால், மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஊர்வலம் கிளம்பிய கதையாகிவிடும்.

அந்தக் கால் ஒரு இடத்தில் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தரையை அழுத்தும். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்தால் காற்றை அழுத்தும். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிரேக் போடலாமா வேண்டாமா என்று டிரைவர் யோசிப்பதற்குள் இவர் போட்டிருப்பார். பக்கத்தில் நின்றவருடைய செருப்பின் மேல் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எல்லாம் தொழில் செய்த வேலை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். டிரைவிங் ஸ்கூல் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்து சீட்டில், வாத்தியார் காலடியில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். பழகுகிறவர் பயத்தில் மறந்துவிட்டாலும் வாத்தியார் அழுத்தினால் வண்டி நிற்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே மனிதருக்கு ஆயுசில் பாதி போய்விட்டது. ஊர் அவருக்கு ‘ரெண்டாம் பிரேக்’ என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான். அவரிடம் பழகிய யாரும் பழகும்போது ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

தூக்கத்திலும் அந்தக் கால் வேலை பார்க்கும். அங்கே பிரேக்குக்கு எங்கே போவது? பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் கெண்டைக்கால்தான் பிரேக். கால் உதைக்க, வாய் பாடம் நடத்தும். “கண்ணாடியைப் பாரு... கிளட்சை விடாத... விடாதன்னா விடாத...” கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் மிரண்டுபோய் எழுந்து விளக்கைப் போட்டதுண்டு. அப்புறம் பழகிவிட்டது. ஒரு நீளமான தலையணையை வாங்கி இருவருக்கும் நடுவே போட்டுக்கொண்டாள். மகன் கொஞ்சம் வளர்ந்து விவரம் வந்ததும் அந்தத் தலையணைக்கு ‘டிவைடர்’ என்று பெயர் வைத்தான். வீட்டில் அதற்கு இன்றுவரை அதுதான் பெயர். “டிவைடருக்கு உறை மாத்தணும்” என்று அவள் சாதாரணமாகச் சொல்லும்போது வீட்டுக்கு வந்தவர்கள் முழிப்பார்கள்.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற நர்ஸ் இல்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் முதுகுப் புண், சர்க்கரைக்காரர்களின் கால் புண், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களின் தையல், எல்லாம் அவள் கையில்தான் ஆறும். தோளில் பெரிய பை, அதில் பஞ்சு, துணி, கத்தரிக்கோல், மருந்து. ஒரு பஸ் பிடித்து ஒரு வீடு, இன்னொரு பஸ் பிடித்து இன்னொரு வீடு. சிலர் அவளுக்காகவே காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டுப் போடுகிற கை மாறினால் புண்ணே கோபித்துக்கொள்ளும் என்று ஒரு கிழவர் சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் யார் கண் பட்டதோ, ஆஸ்பத்திரியில் ஒரு புது உத்தரவு வந்தது. மூன்று மாதம் கழித்து, வீடுகளுக்குப் போகிற நர்ஸ்கள் சொந்தமாக வண்டி ஓட்டிப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போக முடியவில்லையாம். வண்டி ஓட்டாதவர்கள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பஞ்சுச் சுருள் எண்ணலாம்.

நர்ஸம்மா புருஷனிடம் வந்து சொன்னாள். வீட்டில் கார் இருக்கிறது. வெள்ளைக் கார், பழசு என்றாலும் சொன்ன பேச்சுக் கேட்கும். சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றாள். அவர் பார்க்கலாம் என்றார். மறுநாளும் பார்க்கலாம் என்றார். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லிகூட இவ்வளவு இழுத்தடித்திருக்காது.

அவருக்கு இருந்த பயம் அவருக்குத்தான் தெரியும். ஸ்கூல் வண்டியில் அவள் பழகலாம், சரி. பழகி முடித்த பிறகு? வெள்ளைக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. அவள் பாட்டுக்குத் தனியாக, லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டில், யார் காலும் காவலுக்கு இல்லாமல் போவாள். நினைத்தாலே அவருடைய உள்ளங்கால் வியர்க்கும். எத்தனையோ பேரை அப்படித் தனியாக அனுப்பிவைத்தவர்தான். ஆனால் அவர்களெல்லாம் ஊரார். இவள் இவள்.

குட்டு வெளிப்பட்டது டீக்கடையில். அவருடைய ஸ்கூலுக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் ஸ்கூல் உண்டு. அதை நடத்துகிறவரை எல்லோரும் ‘எதிர்க்கடை’ என்பார்கள். ஹாரனை விட்டுக் கையை எடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற ஆள். வாத்தியாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அன்றைக்கு நாலு பேர் முன்னால் எதிர்க்கடை டீயை ஆற்றிக்கொண்டே, “உங்க வீட்டம்மாவுக்கு நல்ல கை சார். லைசென்ஸ் முதல் தடவையிலயே வாங்கிட்டாங்க. ஸ்வீட்டு எங்க?” என்று கேட்டுவிட்டார்.

வாத்தியார் கையிலிருந்த டீ அப்படியே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸம்மா எதிர்க்கடையில் பழகியிருக்கிறாள். அதுவும் அவருடைய கடைக்கு நேர் எதிரே! அவர் உள்ளே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் ஒரு காரையே மறைத்துவிட்டாள்.

வீட்டில் அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டாம். அவர் மானம் போச்சு என்றார். அவள் உங்கள் மானத்துக்காக என் நோயாளிகள் சீழ் பிடித்துக் கிடக்க வேண்டுமா என்றாள். அவர் அந்த ஹாரன்காரனிடம் போய்ப் படித்தது ஒரு படிப்பா என்றார். அவள் உங்களிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது என்றாள். கடைசியில் சாவியைக் கேட்டாள். அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் நினைத்திருந்தால் சட்டை ஆணியில் தொங்குகிற நேரம் பார்த்து எடுத்திருக்கலாம். எடுக்கமாட்டாள். அது ஒரு ரோஷம்.

“ஓட்டிக் காட்டு பாப்போம்” என்றார் அவர், கோபத்தில்.

“எதுல ஓட்டிக் காட்ட? சாவிதான் உங்க பைக்குள்ள இருக்கே” என்றாள். அப்புறம் டிவியைக் காட்டினாள். “வாங்க, இதுல காட்டுறேன். ஞாயித்துக்கிழமை காலைல. ஒரே ஒரு ரேஸ். நான் உங்களுக்கு முன்னால போனா சாவி எனக்கு. நீங்க முன்னால போனா நான் ஸ்டோர்ல பஞ்சு எண்ணிக்கிட்டு உக்காந்துக்கிறேன். அப்புறம் சாவிங்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்.”

டிவிக்குக் கீழே மகன் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அவன் வேலை கிடைத்துத் தூர ஊருக்குப் போனபோது அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதில் தெருவில் கார் ரேஸ் விடுகிற விளையாட்டு. பெரிய நகரம், பளபளவென்று தெருக்கள், அதில் எட்டு கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பறக்கும். கொஞ்ச நாளாகவே நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்ததும் காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பேப்பருக்கு மேலாகப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அவ்வளவுதான் அவருக்கும் அந்த விளையாட்டுக்கும் உறவு.

ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தவனுக்கு இந்தப் பொம்மைக் கார் எம்மாத்திரம் என்ற எண்ணம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போன பிறகு, முதல் வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. பெட்டியைப் போட்டார். முதலில் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. திரையில் ஒரு வட்ட மேடை, அதன் மேல் ஒவ்வொரு காராக வந்து தன்னைத்தானே சுற்றிக் காட்டியது. சிவப்பு ஒன்று, கூர் மூக்கோடு. நீலம் ஒன்று, முதுகில் பலகை வைத்தது. தரையோடு தரையாக ஒரு மஞ்சள், தவளையைப் போல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு கோடுகள். வேகம், பிக்கப், வளைவு, நைட்ரோ என்கிற திடீர்ப் பாய்ச்சல். கோடு நீளமாக இருந்தால் அந்த விஷயத்தில் வண்டி கெட்டி என்று அர்த்தம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் தேடினார். பிரேக்குக்குக் கோடே இல்லை.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உடனே மகனுக்கு போன் போட்டார். அவன் வேலையில் இருந்தான்.

“அப்பா, அந்த கேம்ல யாரும் பிரேக் போடமாட்டாங்கப்பா.”

“அப்ப எப்படிடா நிப்பாங்க?”

“நிக்கவே மாட்டாங்க. செவுத்துல இடிச்சுத் திரும்பிக்குவாங்க.”

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதென்ன அநியாயம்? போகிறதுக்கு நாலு கோடு, நிற்கிறதுக்கு ஒன்றுகூட இல்லை என்றால் எதை வைத்து நல்ல வண்டி என்று சொல்வது? ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போய், மாப்பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடுவான் என்று மட்டும் சொன்னால் போதுமா?

சரி, சொல்லாவிட்டால் என்ன, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினார். விளையாட்டுக்குள் ஒரு தெருமுனையில் பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வண்டியாக எடுத்து, முழு வேகத்தில் வந்து, அந்த பங்க் வாசலில் பிரேக் போட்டுப் பார்த்தார். சிவப்பு, பங்க்கைத் தாண்டி ஒரு கடைக்குள் போய் நின்றது. நீலம் பம்பரம் சுற்றியது. மஞ்சள் தவளையை அவருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. தொடவே இல்லை. வரிசையின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று, பெட்டி மாதிரி. எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். அதை எடுத்து வந்து பிரேக் போட்டார். ஆணி அடித்தாற்போல் நின்றது. மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் சாம்பலுக்கு வேகக் கோடு இருந்ததே ஒரு சாண் கயிறு மாதிரிதான். அதை எடுத்தால் நர்ஸம்மா முதல் வளைவிலேயே காணாமல் போய்விடுவாள். சிவப்பை எடுத்தால் ஜெயிக்கலாம். ஆனால் நிற்காது. நிற்காத வண்டியில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை, பொம்மை என்றாலும். சாம்பலா சிவப்பா, சிவப்பா சாம்பலா? குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் கடைக்குமாக அலைந்தார். குளிக்கும்போது சாம்பல் என்று முடிவாகும். துவட்டும்போது சிவப்பு என்று மாறும். அவர் கால் படுகிற பாட்டில், ராத்திரிகளில் டிவைடர் கட்டிலை விட்டுக் கீழே விழ ஆரம்பித்தது.

நர்ஸம்மாவோ எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், மேடையில் எது முதலில் நிற்கிறதோ அதையே அழுத்தி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் சிரித்தாள். எனக்கு எந்த வீட்டில் எந்தப் புண் என்று தேர்ந்தெடுக்க முடியுமா, கிடைத்ததற்குக் கட்டுப் போடுகிறேன் என்றாள்.

வகுப்பிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரம் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் பழகிக்கொண்டிருந்தாள். தெருவுக்குள் அவள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது இவர், ஏம்மா சிவப்பா சாம்பலா என்று கேட்டுவிட்டார். அவள் பயந்துபோய் வண்டியை நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்து, “உங்க கலருக்கு சாம்பல் சட்டைதான் எடுப்பா இருக்கும் சார்” என்றாள். அதைக் கேட்டும் அவருக்கு முடிவு வரவில்லை.

அதே பெண்ணோடுதான் அந்தச் சம்பவமும் நடந்தது. சனிக்கிழமை காலை, கடைத்தெரு. இவர் உட்கார்ந்திருந்தார். உடம்புதான் அங்கே இருந்தது, மனசு சிவப்பின் நைட்ரோ கோட்டில் இருந்தது. சந்திலிருந்து ஒரு பழவண்டிக்காரர் சட்டென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். வாத்தியார் திடுக்கிட்டுக் காலை அழுத்தினார். பிரேக் அங்கே இல்லை. அதாவது, அது ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது. கம்பி போட்டு இணைத்த பிரேக் அல்லவா, அந்தப் பெண் போட்டதில் இவர் காலடியில் இருந்ததும் சேர்ந்து இறங்கிவிட்டது. வண்டி நின்றுவிட்டது. பழவண்டிக்காரர் திட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் பெருமூச்சு விட்டு, தேங்க்ஸ் சார் என்றாள். அவர் போட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் மறுக்கவில்லை. மதியம் கடைக்குள் உட்கார்ந்து வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கால் பிந்திவிட்டது. அதைவிட இன்னொன்று அவரை அரித்தது. இதற்கு முன் அவர் அழுத்தியபோதெல்லாம், உண்மையில் போட்டது யார்? இந்த நினைப்பு வந்ததும் எழுந்து நின்றார். நிற்கவும் முடியாமல் வெளியே போய்க் கழுவின வண்டியையே மறுபடி கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நர்ஸம்மா காலையிலேயே குளித்து, சோபாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். மடியில் ஜாய்ஸ்டிக். அவர் இன்னொரு ஓரம், கையில் இன்னொரு ஜாய்ஸ்டிக். டிவித் திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி அவளுக்கு. மற்ற ஆறு கார்களைப் பெட்டியே ஓட்டும்.

வண்டி எடுக்கச் சொன்னது. அவள் முதலில் நின்ற பச்சைக் காரை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் சாம்பலுக்குப் போனார். அப்போதுதான் மேலே ஒரு கடிகாரம் ஓடுவதைப் பார்த்தார். இருவர் விளையாடும்போது யோசிக்க நேரம் கொஞ்சம்தான் கொடுப்பார்களாம். தனியாக விளையாடியவருக்கு இது எப்படித் தெரியும்? பதறிப்போய்ச் சிவப்புக்கு ஓடினார். நிற்காதே என்று நினைப்பு வந்தது. திரும்பச் சாம்பலுக்கு ஓடினார். ஜெயிக்காதே என்று நினைப்பு வந்தது. மறுபடி சிவப்புக்குத் திரும்புகிற வழியில் நேரம் முடிந்துவிட்டது. எந்த வண்டியின் மேல் நின்றாரோ அந்த வண்டி அவருக்கு என்று ஆயிற்று. மஞ்சள் தவளை.

வாரம் பூராவும் சல்லடை போட்டுச் சலித்தவருக்கு, தொட்டுக்கூடப் பார்க்காத வண்டி வந்து வாய்த்தது. அதன் பிரேக் எப்படி என்று அவருக்குத் தெரியாது. மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது.

ஆனால் தவளை பறந்தது, ஐயா. அவரே எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் அந்தத் தெருக்களில் பிரேக் போட்டுப் போட்டே ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. சுவரில் இடித்துத் திரும்புகிறவர்களுக்கு நடுவே இவர் ஒருவர்தான் முறையாகத் திரும்பினார். நாலாவதாக இருந்தவர் மூன்றாவதானார், இரண்டாவதானார், கடைசித் தெருவுக்குள் நுழையும்போது முதலாவதாக இருந்தார். அவருடைய கால் தரையில் தாளம் போட்டது. ஓரக்கண்ணால் கீழ்ப் பாதியைப் பார்த்தார். பச்சைக் கார் பின்னாலேயே வந்தது. முட்டவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. அளவான தூரம் விட்டு வந்துகொண்டிருந்தது. தூரத்தில் முடிவுக் கோட்டின் கட்டம் போட்ட கொடி தெரிந்தது. பஞ்சுதான், ஸ்டோர் ரூம்தான், கடவுளே தப்பித்தோம் என்று நினைத்தார். அப்படி நினைத்த மாத்திரத்தில், சந்தோஷத்துக்குப் பதிலாக, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கிழவரின் நினைப்பு வந்து நெஞ்சில் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து நடைபாதையிலிருந்து ஒரு பொம்மை மனுஷி ரோட்டில் இறங்கினாள். கையில் பையோடு.

அந்த விளையாட்டில் ஆட்கள் மேல் கார் மோதவே மோதாது. கிட்டே போனால் துள்ளிக் குதித்து விலகிவிடுவார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரியும். மூளைக்குத் தெரிந்து என்ன செய்ய? காலுக்குத் தெரியவில்லை. வலது கால் தரையில் ஓங்கி மிதித்தது. அதோடு கட்டைவிரலும் பிரேக்கை அழுத்திவிட்டது. தவளை கிறீச்சிட்டு நின்றது. நின்றதா என்று அவரே நம்பாமல் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் ஜம்மென்று நின்றிருந்தது. பெட்டி ஓட்டிய ஆறு கார்களும் இரண்டு பக்கமும் விர்விர்ரென்று கடந்து கொடிக்குப் போய்விட்டன.

போச்சு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பச்சைக் கார் கடக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து கீழ்ப் பாதியைப் பார்த்தார். அதில் மஞ்சள் தவளையின் முதுகும் அதன் சிவப்பு விளக்கும் அசையாமல் தெரிந்தன. அவளும் நின்றிருந்தாள்.

“போயேன்” என்றார். “ஜெயிச்சிருக்கலாமே. ஏன் நின்ன?”

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “முன்னால ஒரு வண்டி நின்னா, அதுக்கு முன்னால யாரோ நடக்குறாங்கன்னு அர்த்தம். எனக்கு இங்கேருந்து தெரியாது. தெரியாம எப்படித் தாண்டுறது?”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய பாடம். நின்ற வண்டியைத் தாண்டாதே, அதன் மறைவில் ஆள் இருக்கும் என்று ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே சொல்வார். அடுத்த நொடியே பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. இதை அந்த எதிர்க்கடைக்காரனா உனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டார்.

“அவரா? அவருக்கு ஹாரனைத் தவிர வேற என்ன தெரியும்.” அவள் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. கல்யாணமான நாள்லேருந்து தினமும் தூக்கத்துல சொல்றீங்களே. கண்ணாடியப் பாரு, தூரம் விட்டு வா, நின்ன வண்டியத் தாண்டாத. முழிச்சிருந்தவ நான்தானே.”

திரையில் இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபடி உறுமிக்கொண்டிருந்தன. பொம்மை மனுஷி எப்போதோ ரோட்டைக் கடந்து போய்விட்டிருந்தாள். எதிர்க்கடையில் அவள் வாங்கியது ஒரு லைசென்ஸ்தான், மற்றதெல்லாம் தன் வீட்டிலிருந்து போனது என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள், நம் இருவரில் யாரும் கொடியைத் தாண்டவில்லை, பந்தயம் யாருக்கும் இல்லை, அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்வோமா என்று கேட்டாள். அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். சாவியை எடுத்து, சோபாவில் இருவருக்கும் நடுவே வைத்தார். அவள் அதை எடுப்பதற்குள் மனம் மாறிவிடுமோ என்று தனக்கே பயந்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் கிழவர் வீட்டுக்குக் கட்டுப் போடப் போக வேண்டியிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இன்று ஒரு நாள் மட்டும் கூட வரட்டுமா என்று அவர் கேட்டார். கெஞ்சுகிற குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. வாங்க, ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டு வாருங்கள், நான் வண்டியை எடுத்து நிறுத்துகிறேன் என்று முன்னால் போனாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் மறுபடி உள்ளே வந்து, படுக்கையறைக்குள் போய் எதையோ அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கார் வாசலில் நின்றது. அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். காலடியில் டிவைடர் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“உக்காருங்க” என்றாள் அவள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே. “அதுல எவ்வளவு வேணா மிதிச்சுக்கோங்க.”

அவர் உட்கார்ந்தார். காலைத் தலையணையின் மேல் வைத்தார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், தெருவில் இறங்கினாள். முனையில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அவருடைய கால் தன் வேலையைச் செய்தது. தலையணை அழுந்தியது. வண்டி பஸ்ஸுக்குப் பின்னால், அளவான தூரம் விட்டு, மெதுவாக நின்றது. பஸ்ஸின் மறைவிலிருந்து இரண்டு பேர் ரோட்டைக் கடந்து போனார்கள்.